அப்பாவின் வேட்டிக்குள் கிரீன்லாந்து

வீட்டிலிருந்தபடியே நேர்முகத் தேர்வுக்குத் தோற்றுகிறவர்கள், முதலில் வீட்டாரை எங்காவது கல்யாணத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நான் அனுப்பவில்லை.

டென்மார்க்கில் ஓர் ஆய்வு வேலை. கிரீன்லாந்தின் பனிப்பரப்பு உருகி எவ்வளவு நீர் கடலுக்கு ஓடுகிறது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அது கிடைக்காவிட்டால் நான் படித்ததெல்லாம் வீண். (வெயில் கொளுத்தும் எங்கள் கொக்குவிலில் பனி ஆராய்கிறவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?) எனவே வாயால் சொல்லாமல் செய்தே காட்டுவதென்று முடிவெடுத்தேன். அப்போது எனக்கு மூளை கொஞ்சம் அதிகம்.

குருநகரில் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி வாங்கித் தாம்பாளத்தில் வைத்தேன். உருகும் நீர் படத்தில் தெரியட்டும் என்று வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தை மேலே விட்டேன். சரித்து வைத்த தாம்பாளத்திலிருந்து வடிவதைப் பிடிக்கக் கீழே ஓர் அகன்ற பேசின். கைத்தொலைபேசியைக் கூரை விசிறியின் இறக்கையில் கட்டினேன். அதுதான் செய்மதி; அது காண்பதெல்லாம் நேர்முக அழைப்பிலும் தெரியும். அதன் படத்தைப் பார்த்து நீரின் அளவைச் சொல்லி, பிறகு பேசினில் இருப்பதை அளந்து நிரூபிப்பது என் திட்டம்.

மடிக்கணினியில், நேர்முகம் நடத்திய டென்மார்க் பேராசிரியர் அம்மையார் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அரை லீற்றர்!" என்று நான் அறிவித்த நேரம் அம்மா அறைக்குள் வந்தார்.

"என்ன பிள்ளை, இப்பிடி வேர்த்து வழியிறாய்?" என்று விசிறியைப் போட்டார்.

செய்மதி உண்மையாகவே சுற்றத் தொடங்கியது. ஐஸ், அலுமாரி, கொடியில் காய்ந்த உள்பாவாடைகள், மறுபடியும் ஐஸ் என்று எங்கள் மானத்தை டென்மார்க்குக்கு ஒளிபரப்பிவிட்டு, கதிரைக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் தவழ்ந்துபோய் அதை எடுத்து வந்தால், பேசினைக் காணோம்.

"அம்மா, தண்ணி எங்கை?"

"நீலம் கலந்து வைச்சிருந்தாய். அப்பான்ரை கோயில் வேட்டியை நனைச்சுப் போட்டன். ஏன்?"

பேசினோடு வந்த அம்மா, கனடாவிலுள்ள மாமாவோடு கதைக்கிற நினைப்பில் கணினிக்குக் கையசைத்து, "சாப்பிட்டாச்சோ?" என்று வேறு விசாரித்தார்.

பேசினின் அடியில் இரண்டு கரண்டி நீர்தான் மிச்சம்.

"மீதி நீர் எங்கே?" என்றார் பேராசிரியர்.

"வேட்டிக்குள் இருக்கிறது," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விளக்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கிரீன்லாந்திலும் இதுதான் நடக்கிறது! உருகுவதெல்லாம் கடலுக்குப் போவதில்லை. கீழேயுள்ள பழைய பனி கொஞ்சத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலேயிருந்து பார்க்கும் செய்மதிக்கு அது தெரியாமல் நாங்களும் திண்டாடுகிறோம்."

வேலை கிடைத்தது. துள்ளிக் குதித்தேன்.

இன்றும் செய்மதிக் கணக்கும், பனியிலிருந்து ஓடிவரும் ஆற்றில் அளந்த நீரின் கணக்கும் ஒத்துவராவிட்டால், "வேட்டியைப் பிழிந்து பார்த்தீர்களா?" என்று எங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். ஊரிலோ, நான் விடுமுறைக்கு வந்திறங்கும்போதெல்லாம் அப்பா வேண்டுமென்றே அன்று வெளிர்நீலமாகிப்போன அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்.

"எத்தினை தரம் தோய்ச்சும் பார்த்தாச்சு, பிள்ளை. உன்ரை கிரீன்லாந்து போகுதில்லை."