பூரணமாகக் குணமானவர்

நோயாளிகளைக்கூடச் சமாளித்துவிடலாம், குணமாகிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கால் பிசகியிருக்கும், கட்டுப் போட்டிருப்பார்கள். வீக்கம் வடிந்த மறுநாளே "சரியாப்போச்சு" என்று அறிவித்துவிடுவார். அதன் பிறகு அவர் கால் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போவதெல்லாம் உலகம்தான்.

பெருநகர் கிராமத்து மோகன்குமாரையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருப்பவர். நாற்பதை நெருங்கியும் ஊர் வாலிபால் டீமுக்கு அவர்தான் கேப்டன். வலைக்கு மேலே எழும்பி அவர் ஒன்று போட்டால், தடுக்க நின்றவன் பந்தைத் தேடமாட்டான். தன் கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். அப்படி எழும்பிய ஒரு சாயங்காலம், இறங்கும்போது கூட ஆடிய ஜானின் காலை மிதித்து, கணுக்கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்றார் டாக்டர். பிசியோதெரபிஸ்ட் பத்மஜா ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்துப் பயிற்சி சொல்லித் தந்தார்.

"வீக்கம் போனா கால் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல சார். தினமும் ஒத்தக் கால்ல நின்னு பழகணும். இல்லன்னா காலுக்குத் தரைமேல நம்பிக்கையே வராது."

மோகன்குமார் பயபக்தியோடு தலையாட்டினார். ரப்பர் பட்டை அந்த வாரமே பைக்கின் பின்சீட்டில் உர மூட்டையைக் கட்டப் போய்விட்டது. நல்ல உறுதியான பட்டை.

பிறகுதான் உலகம் கெட ஆரம்பித்தது. தினமும் மனைவி அனுஷாவோடு ஏரிக்கரையில் நடப்பவர், கொசு அதிகமாகிவிட்டதென்று நிறுத்திக்கொண்டார். வரப்பில் பாம்பு நடமாட்டம் என்று சொந்த வயலை ரோட்டிலிருந்தே பார்வையிட்டார். பஸ்காரர்கள் சரியாக நிறுத்துவதில்லை. கோயில் படிகள் அந்தக் காலத்து ஆட்களுக்காகக் கட்டியவை. பக்கத்துத் தெரு டீக்கடையில் டீயே சரியில்லை, அதனால் பைக்கில் போய்த் தூரத்துக் கடையில் குடித்தார். வாலிபால்? இப்போது வரும் பசங்களுக்கு ஆட்டத்தின் சட்டமே தெரியவில்லையாம். அவர்களைத் திருத்துவதற்காகவே அம்பயராகிவிட்டார்! காலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? கிடையாது.

அனுஷா எப்போதாவது கேட்பாள்.

"இன்னும் வலிக்குதாய்யா?"

"இன்னாமே நீ, அதையே கேட்டுக்கினு! ஜோரா கீது."

பொய்யில்லை. வலி உண்மையாகவே இல்லை. அதனால் மேலே கேட்க அவளுக்கும் வழியில்லை. ஆனால் வேலியை நாளுக்கொரு அடி உள்ளே தள்ளி நட்டுக்கொண்டிருக்கும் மனிதனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஏரிக்கரைக்கு அவள் தனியாகவே போய்வந்தாள். கொசு அப்படியொன்றும் கடிக்கவில்லை.

பொங்கலுக்கு ஊரில் மேட்ச் வைத்தார்கள். ஜான் முதல் நாளே வந்து கெஞ்சினான். "ஒரு செட்டு ஆடுண்ணா. நீ இல்லாம டீமு டல்லா கீது."

"நான் எறங்கிட்டா அம்பயருக்கு ஆள் ஏதுடா?" என்று அவனை அனுப்பிவிட்டார். மேட்ச் அன்று, வலைக் கம்பத்தோடு கட்டியிருந்த உயரமான ஏணி நாற்காலியில் கைபலத்தோடு ஏறி உட்கார்ந்து, விசிலால் ஊரையே ஆண்டார். பெருநகர்தான் ஜெயித்தது. எல்லோரும் பிரியாணி அண்டாவைப் பார்த்து ஓடினார்கள்.

அவர் இறங்கவில்லை.

"வாண்ணா, ஆறிடும்," என்றான் ஜான்.

"நீ போடா. நான் நெட்டைக் கயட்டினு வரேன்."

ஏறும்போது கையும் நல்ல காலும் பார்த்துக்கொண்டன. இறங்குவதற்குக் கீழ்ப்படியில் அந்தக் காலை வைத்தாக வேண்டும். வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். படி காலை ஒன்றும் செய்யவில்லை. கால்தான் படியை நம்பவில்லை. எல்லோரும் சாப்பிடட்டும், யாரும் பார்க்காத நேரத்தில் எப்படியாவது சறுக்கி இறங்கிவிடலாம் என்று, வலை முடிச்சை அவிழ்ப்பதுபோல் நோண்டிக்கொண்டே, அந்த உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எழும்பினால் ஊரே அண்ணாந்து பார்த்த மனுஷன்!

இலை போட்டும் ஆளைக் காணோமே என்று தேடிவந்த அனுஷா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எறங்கி வாய்யா."

"வரேன், வரேன். மேல காத்து நல்லா வருது."

அவள் சிரிக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லமே."

மெதுவாக, "பயமா கீதா?" என்றாள்.

மோகன்குமார் கொசுவையும் பாம்பையும் பஸ்காரரையும் தேடிப் பார்த்தார், ஒருவரும் கைகொடுக்கவில்லை.

"ஆமாமே," என்றார். "மடங்கிடுமோன்னு கீது. எந்நேரமும்."

"அதைச் சொல்றதுக்கு இவ்ளோ நாளா?" என்று அவள் ஏணியை ஒட்டி வந்து நின்றாள். அவள் தோளில் கையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பிரியாணி ஆறித்தான் போயிருந்தது.

மறுவாரம் பத்மஜாவிடம் போனார்கள். அவர் திட்டவில்லை, புதுப் பட்டை கொடுத்தார். பிறகு பெருநகரில் காலையில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள்: உரக்கடைக்காரர் வீட்டு வாசலில் ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஒரு விரலால், அப்புறம் எதையும் பிடிக்காமல். மாசி பிறந்ததும் ஏரிக்கரைக்குப் போனார். பாதி வழிவரை தரையைப் பார்த்தே நடந்தவர், அதற்கப்புறம் அனுஷாவைப் பார்த்துப் பேசிக்கொண்டு நடந்தார். வலைக்கு மேலே இன்னும் எழும்பவில்லை. யாராவது கேட்டால், "பயமா கீதுடா, பழகிக்கினு கீறேன்" என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார். கேட்டவன்தான் சங்கடப்பட்டு ஓடுகிறான்.

அவர் கதை அவ்வளவுதான். இனி உங்களுடையது. முன்பெல்லாம் நீங்கள் விரும்பிப் போய்க்கொண்டிருந்து, இப்போது போகாத இடம் ஒன்று இருக்குமே, ஏன் போவதில்லை? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். காரணம் தயாராக, தடங்கலில்லாமல் வந்து விழுந்தால் எனக்குச் சந்தேகம் உங்கள் மேல்தான்.