பூசணிக்காய்க்குள் போன யானை

பழங்காசு சேர்ப்பவன் வீட்டுக்குத் திருடன் வந்தால் ஏமாந்துதான் போவான். அவன் வருவதற்குள் நாங்களே தொலைத்திருப்போம். எனக்குத் தெரிந்த ஒருவர் வெள்ளிக்காசைச் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்து எடுத்தார். இன்னொருவர் டிவி ரிமோட்டின் மூடி திறக்கவில்லை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து நெம்பினார். நெம்பிய பிறகுதான் அது அவருடைய தாத்தாவைவிட வயதில் மூத்த காசு என்று தெரிந்தது. (ரிமோட் இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது.) இவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த காலம் எனக்கும் உண்டு. ஓர் ஆயுத பூஜையன்று ஓசூரில் அந்தக் காலம் முடிவுக்கு வந்தது.

அப்போது நான் வண்டி உதிரி பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறவன். முடியளவு பிசகு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். மற்றவர்கள் சொல்லக் காத்திருந்தால் காலம் போய்விடும் இல்லையா?

என் மாமனாருக்குச் சூளகிரிப் பக்கம் தக்காளித் தோட்டம். அவரிடம் ஒரு செப்புக்காசு இருந்தது. மைசூர் அரசர்கள் காலத்தது. ஒரு பக்கம் யானை நிற்கும். மூன்று மகன்கள் கேட்டும் கையில் கொடுக்காத காசு அது. ஓசூரில் நடக்கப்போகும் நாணயக் கண்காட்சியில் வைக்கிறேன் என்று நான் கெஞ்சியதில் அரை மனதாகக் கொடுத்தார்.

"குடுக்கறேன் மாப்ள. ஆனா இதே யானை திரும்பி வரணும். யானை வர்லன்னா நீங்களும் வராதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பூஜையன்று அந்தக் காசைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். (ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்காதீர்கள். என் மனைவி செல்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அது போதும்.) மெஷின்களுக்கெல்லாம் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தது. பெண்டு பிள்ளைகளோடு எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து, உறையைப் பிரித்து, யானையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிரசங்கம் செய்தேன். யானை ஒரு சுற்றுச் சுற்றி என் கைக்குத் திரும்பிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. காசைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

மாமனார்தான். "மாப்ள, நானும் பூஜைக்கு வர்றேன். பஸ்ஸுல உக்காந்துட்டேன். காசு பத்திரமா இருக்குதுங்களா?"

அதே நேரம் லேத் ஓட்டும் மாதேஷ், திருஷ்டி சுற்றும் பூசணிக்காயின் தலையில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தான். "சில்லறை யாராச்சும் போடுங்கப்பா!"

ஒருவரிடமும் இல்லை. டீக்கும் போனை நீட்டி ஸ்கேன் செய்கிற காலத்தில் யார் சில்லறை வைத்திருக்கிறார்கள்? எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது.

"அண்ணா, உங்ககிட்ட இல்லாத சில்லறையா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டக்டர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் எந்த ஊரில் அச்சடித்தது என்று பார்ப்பதற்காகவே பை நிறையச் சேர்த்து வைத்திருப்பவன் நான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையில் இருந்ததை ஒரே கையாக அள்ளிப் பூசணிக்காய்க்குள் போட்டேன். போட்டுக்கொண்டே மாமனாரிடம் சொன்னேன்: "பத்திரமா இருக்குது மாமா. கவலையே படாதீங்க."

மாதேஷ் மூடியை வைத்து, மேலே சூடம் ஏற்றி, வாசலில் நின்று சுற்ற ஆரம்பித்தான். நான் சும்மா சட்டைப் பையைத் தடவினேன். பை தட்டையாக இருந்தது.

"நிறுத்து! மாதேஷ், நிறுத்துடா!"

ஓனர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். "ஏம்ப்பா, சுத்தறப்ப நடுவுல நிறுத்துவாங்களா? பட்டறைக்கு ஆவாது."

"சாமி வந்துருச்சு போலருக்குது," என்றார் யாரோ. ஓர் அம்மா என் நெற்றியில் விபூதியே பூசிவிட்டார்.

மாதேஷ் பூசணிக்காய் உடைப்பதில் பேர் வாங்கியவன். ஓங்கிப் போட்டதில் சதை சுவர் வரைக்கும் தெறித்தது. பூஜைக் காசு கல்லாவில் இருந்தால் நல்லது என்று ஆளாளுக்குப் பாய்ந்து பொறுக்கினார்கள். நான் போலீஸ்காரன் மாதிரி ஒவ்வொரு கையாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ரூபாய், ரெண்டு ரூபாய். யானை இல்லை. போதாததற்குப் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் தங்கள் காய்களைக் கொண்டுவந்து அதே ரோட்டில் போட்டு உடைத்தார்கள். வாழைக்கன்று கட்டிய டெம்போ ஒன்று அத்தனையும் கூழாக்கிவிட்டுப் போனது.

உள்ளே ஓடி, தரையில் கிடக்கும் இரும்புச் சுருளை இழுத்துச் சேர்க்கும் காந்தத் தடியை எடுத்துவந்தேன். புது வேட்டியோடு மண்டி போட்டுக் கூழுக்குள் துழாவினேன். ரூபாய்கள் வந்து ஒட்டின. யானை வரவில்லை. மறுபடி துழாவினேன்.

செல்வி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க, செம்பு எந்த ஊர்ல காந்தத்துல ஒட்டுது?"

(அந்தப் பட்டறையின் குவாலிட்டி அப்போது என் பொறுப்பில் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.)

ஆனால் அவள் சொன்னதில்தான் எனக்கு மூளை திறந்தது. ஒட்டுவதையெல்லாம் எடுத்துவிட்டால் ஒட்டாதது மிஞ்சும் அல்லவா! மாதேஷிடம் தடியைக் கொடுத்து ரூபாய்களை ஒதுக்கச் சொன்னேன். நான் கூழை வாரி வாரிப் பாகம் கழுவும் சல்லடைத் தட்டில் போட, செல்வி பக்கெட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

அந்தக் கோலத்தில்தான் மாமனார் வந்து இறங்கினார்.

என் உயிர் போய்விட்டது. அவரோ ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். சந்தோஷம் உச்சிக்குப் போனால் மாமாவுக்குத் தெலுங்குதான் வரும்.

"பலே அல்லுடு! பலே மாப்ள! எல்லாரும் ஒடைச்சிட்டுப் போயிடறாங்க, பைக்குல வர்றவன் வழுக்கி விழறான். மாப்ள ஒருத்தர்தான் ரோட்டைக் கழுவறாரு!"

சொன்னவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமும் உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு பக்கம் வாரினார். அவர் வாரிய கூழை நான் பிடுங்கிப் பிடுங்கி அலசினேன். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

திடீரென்று தட்டில் 'ணங்'. சல்லடையில், விதைகளுக்கு நடுவே, குங்குமத்தில் குளித்துக்கொண்டு யானை! அன்று நான் கத்தியது பக்கத்துப் பட்டறை நாதஸ்வர ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டதாம்.

மாமனார் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "காசையும் பூஜையில வெச்சீங்களா!"

"ஆமாங்க மாமா," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

கண்காட்சியில், தங்கக்காசு வைத்திருந்தவர் மேசையில் ஈ காக்கை இல்லை. கூட்டமெல்லாம் என் மேசையில். யானையின் காது மடிப்பில் இன்னும் சிவப்பு இருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்தால், மாமனார் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்: "போன்ல என்கிட்ட பத்திரமா இருக்குதுன்னாரு பாருங்க, அப்ப அது பூசணிக்காய்க்குள்ள கீது!"

செல்வி பூஜையன்று சாயங்காலமே அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு காசை உறைக்குள் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"யானை வந்துருச்சுங்க மாமா."

"நீங்களே வெச்சுக்கோங்க மாப்ள."

"தொலைச்சவன்கிட்டயா?"

"எம் பசங்ககிட்ட குடுத்திருந்தா, தொலைஞ்சதே அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க ரோட்டுல மண்டி போட்டீங்க."

அந்தக் காசு இப்போது என் வீட்டில் இருக்கிறது. (எங்கே என்று செல்விக்குத்தான் தெரியும்.) மாமனார் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தவறாமல் வந்துவிடுகிறார். காய் உடைந்ததும் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டுவார். மாதேஷ் காந்தத் தடியோடு வருவான், செல்வி பக்கெட்டோடு வருவாள், பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். தெருவே மண்டி போட்டு அலசும். போன வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒடிசாக்காரர் இதையெல்லாம் பார்த்து மிரண்டுபோய்க் கேட்டார்: "எங்க ஊர்ல இப்படி இல்லை. இது எதுக்கு?"

மாதேஷ் சிரிக்காமல் சொன்னான்: "சம்பிரதாயம். ஓசூர்ல காலங்காலமா இப்படித்தான்."

அவரும் பயபக்தியோடு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு மண்டி போட்டார்.