பாரிஸ் அணுகுண்டு

புது அணுகுண்டு வெடிப் பெட்டியைக் கையில் எடுத்த சிவகாசி முதலாளி சீனிவாசகத்துக்குத் தலை சுற்றியது. புலிப் படம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய பிரெஞ்சு வீட்டுப்பாடம் அச்சாகியிருந்தது.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு முதலாளிகள் கூட்டாக பாரிஸ் டூர் போவதாக ஏற்பாடு. "கூட மொழிபெயர்க்க ஆள் வேணுமே" என்று யாரோ சொன்னபோது, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டார் சீனிவாசகம். மறுநாளே விருதுநகர் ஞானபூரணி டீச்சரிடம் ஆன்லைனில் ரகசியமாகச் சேர்ந்தார்.

எல்லாம் ஒருவாறு போனது, ப்ளூஸ்-கெ-பர்ஃபே என்கிற இறந்தகாலம் வரும்வரை. ஒருவன் ஒன்றைச் செய்வதற்கு முன்பே இன்னொருவன் அதைச் செய்து முடித்திருந்தான் என்று சொல்லும் காலம் அது. நம்ம ஊர் முதலாளிகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போலிருந்தது. சீனிவாசகத்துக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அதற்குத்தான் அவர்மேல் ஆசை இல்லை. வைத்த டெஸ்டில் எல்லாம் முட்டை.

"உங்க தொழில்ல இருந்தே ஒரு வினைச்சொல் எடுத்து எழுதுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். அவரும் பிரெஞ்சில் எழுதினார்: நான் வெடித்திருந்தேன், நீ வெடித்திருந்தாய், அவன் வெடித்திருந்தான். இப்படி ஆறு வரி. எழுதியது, மேசையில் கிடந்த லேபிள் புரூஃபின் மேல். அந்த ஞாபகமே இல்லாமல் அதன் ஓரத்தில் ஓகே போட்டு அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டார்.

அச்சக மேனேஜர் டென்னிஸைப் போனில் பிடித்தார்.

"என்னப்பா டென்னிஸ், புலி எங்க?"

"புலி மேலதான நீங்க எழுதியிருந்தீக. புலியை எடுத்துட்டு எழுத்தைப் போட்டோம்."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"போன சீசன்ல கேட்டதுக்கு, 'முதலாளி ஓகே போட்டதுல நீ எவம்லே கேள்வி கேக்க?'ன்னு சத்தம் போட்டீகளே அண்ணாச்சி."

சீசனின் கடைசி லோடு அது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்து, போட்டிக் கம்பெனி லட்சுமிகாந்தம் உள்ளே வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பாதி இங்கிலீஷ் மாதிரி கிடக்கு? அச்சுப் பிழையோ?"

பிழை என்று ஒப்புக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"பிரெஞ்சு! பாரிஸ்ல இப்படித்தான் போடுதாக."

"பாரிஸ்னா ஈபிள் டவர் வேணாமா?"

சாயங்காலத்துக்குள் டவர் ஸ்டிக்கர் வந்தது. பெட்டியில் காலியாக ஓர் இடம்கூட இல்லை.

"கம்பெனி பேரு, ஊர் பேரு மேலதான் ஒட்ட முடியும். மறைஞ்சிருமே மொதலாளி" என்றாள் சூப்பர்வைசர் முத்துப்பேச்சி.

"மறைஞ்சா மறையட்டும். டவர் தெரியுதுல்லா? ஒட்டு."

காரியாபட்டி பக்கத்தில் சுங்க அதிகாரிகள் லாரியை மடக்கினார்கள். சீனிவாசகம் காரில் பறந்தார். சாட்சிக்கு ஆகட்டும் என்று லட்சுமிகாந்தமும் ஏறிக்கொண்டார்.

"வெளிநாட்டுப் பட்டாசுக்குத் தடைன்னு தெரியாதா? எந்தத் துறைமுகத்துல இறக்குனீங்க?" என்றார் அதிகாரி.

"துறைமுகமா? வெம்பக்கோட்டை ரோட்டுல இருந்து வருது சார்! ஊர் பேரு டவருக்கு அடியில இருக்கு."

உரித்துப் பார்த்தார்கள். பசை நம்ம ஊர்ப் பசை. ஸ்டிக்கரோடு ஊர்ப் பெயரும் சேர்ந்தே உரிந்து வந்தது.

"பில்லு இருக்கு சார்."

"பில்லா? சிவகாசியில எந்த நாட்டுப் பில்லையும் அடிச்சுத் தருவாங்களே."

லட்சுமிகாந்தம் முன்னால் வந்தார். "சார், இவரு எங்க ஊரு. பிரெஞ்சு இவருக்குத் தண்ணி பட்ட பாடு. இது அசல் பிரெஞ்சுன்னு எங்கிட்ட இவரே சொன்னாரு."

"அப்ப அசல்தானா?" அதிகாரி பேனாவை எடுத்தார்.

இந்த லோடு போனால் வருஷமே போச்சு. சீனிவாசகம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பிரெஞ்சே தெரியாது சார். இது சும்மா கிறுக்கல். அத்தனையும் தப்பு."

லட்சுமிகாந்தத்தின் முகத்தில் தீபாவளி முன்கூட்டியே வந்தது. "பாரிஸுக்கு வேற ஆள் பாத்துக்கிடணும் போலயே அண்ணாச்சி."

"பிரெஞ்சு தெரிஞ்ச யாராவது வந்து பார்க்கட்டும்" என்றார் அதிகாரி. "தப்பும் தவறுமா இருந்தா உள்ளூர்ச் சரக்குன்னு விட்டுடுறேன்."

சீனிவாசகத்துக்குப் போன உயிர் திரும்பியது. அவருடைய பிரெஞ்சின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கார் அனுப்பி ஞானபூரணி டீச்சரை வரவழைத்தார். விவரம் எதுவும் சொல்லாமல் பெட்டியை நீட்டினார்.

"டீச்சர், தயவு தாட்சண்யம் பாக்காதீக. கண்ணுல பட்ட தப்பை எல்லாம் சொல்லுங்க."

டீச்சர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு தப்புகூட இல்ல சார். இதை நம்ம அண்ணாச்சி எழுதியிருக்கவே முடியாதுன்னு எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சாட்சி சொல்லுதேன்."