பின்தங்கிய கோடு

மனிதகுலம் செய்த விஞ்ஞானச் சோதனைகளிலே தலையாயது எது என்று கேட்டால், விவரம் அறியாதவர்கள் சந்திரனுக்குப் போனதைச் சொல்வார்கள். விவரம் அறிந்தவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு புரட்டாசியில், கள்ளக்குறிச்சி இனச்சான்று மெய்ப்பு அலுவலகத்தின் பழைய கோப்புக் கட்டுகள் வைக்கும் அறையில் நடந்த சோதனையைச் சொல்வார்கள். சந்திரனுக்குப் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண்ணோடு திரும்பினார்கள், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சிச் சோதனையோ ஒரு கண்ணியமான அதிகாரியின் பரம்பரையையே ஒரே பிற்பகலில் மாற்றி எழுதியது.

அந்த மகத்தான சோதனையைச் செய்த நவுஷாத்துக்கு அப்போது வயது இருபத்தாறு. கடைவீதிப் பாத்திரக்கடை உமர் பாரூக்கின் மகன். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதகர். கல்வராயன் மலை ஜனங்களிடம் ஒருவகை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி, ஒரு மரப்பெட்டியையும் கொடுத்து அவனைச் சொந்த ஊருக்கே அனுப்பியிருந்தார்கள். வெள்ளிமலைக்குப் போக வேண்டியவன் கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டான். இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் ஜில்லா முழுக்கச் சாலை மறியல். சாலையோரப் புளியமரங்கள் சாலை நடுவில் படுத்திருந்தன. பஸ்கள் நிலையத்தில் படுத்திருந்தன.

பெட்டியை வைக்க ஓர் அறையும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். ஊரிலேயே மின்சாரம் மிச்சமிருந்த ஒரே இடம் இனச்சான்று மெய்ப்பு அலுவலகம். வேலை நடந்தால்தானே செலவாகும்?

நவுஷாத் கொண்டுவந்த கடிதத்தைத் தலைமை எழுத்தர் வெங்கடேசன் கண்ணாடியை ஏற்றி ஏற்றி வாசித்தார்.

"'மின்முனைக் கவர்ச்சிக் கருவியை நிறுவி, அதனை இயக்கிக் காண...' இன்னா தம்பி இது, கவர்ச்சி கிவர்ச்சின்னு? இது கவருமெண்டு ஆபீசு. ரெக்கார்டு டான்ஸுன்னா போலீஸ் பர்மிசன் வாங்கிக்கினு திருவிழாவுல ஆடணும்."

"அண்ணே, அது எலக்ட்ரோபோரசிஸ். தமிழ்ல அப்பிடிப் பேரு வச்சிக்கிறாங்க. ரத்தத்தைப் பாக்குற மிஷினு."

"ரத்தம் வேறயா?" என்று வெங்கடேசன் கடிதத்தை மேசையில் ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று புரியாமல், அதைக் கேளிக்கை வரிக் கோப்பில் சேர்த்தார்.

இரைச்சல் கேட்டு உள்ளறையிலிருந்து வந்தார் சிறப்பு அலுவலர் ராஜாங்கம். மணலூர்பேட்டைக்காரர். பெண்ணை ஆற்றங்கரையில் இருபது ஏக்கர் கரும்பு உள்ள குடும்பம். மலைவாழ் மக்களுக்கு இனச்சான்று கொடுப்பதற்காக மூன்று வருஷத்துக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்தவர். நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒன்றைக்கூட அவர் நிராகரித்ததில்லை. நிராகரித்தால் மேல்முறையீடு போவார்கள். ஒன்றைக்கூட வழங்கியதுமில்லை, வழங்கினால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அலுவலகத்துக்கு யார் வருவார்கள்?

"இந்தப் பெட்டி இன்னா செய்யும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் தொட்டி இருக்கு சார். நடுவுல ஈரமான ஒரு மெல்லிசுப் பட்டை. அதுல ஒரு பொட்டு ரத்தம் வச்சி கரண்டு வுட்டா, அதுல கலந்து கெடக்குறது அதுங்க சார்ஜுக்குத் தக்கபடி ஓடிப்போயித் தனித்தனிக் கோடா நிக்கும்."

"சார்ஜா? எனக்குக்கூட ரெண்டு ஆபீசு சார்ஜு இருக்கு. நான் ஓடிக்கினா கெடக்குறேன்?"

"அது வேற சார்ஜு சார்."

ஆனால் ராஜாங்கத்தின் முகம் மாறிவிட்டிருந்தது. "கலந்து கெடக்குறதைப் பிரிச்சிக் காட்டுமா?" என்றார் மெல்ல. "ரத்தத்திலயா?" அரசாங்கம் தாலுகா தாலுகாவாக நாற்காலி போட்டும் முடியாத வேலையை ஒரு மரப்பெட்டி முடிக்கப்போகிறது. அவர் கண் கலங்கியதாக வெங்கடேசன் பிற்பாடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார்கள் அம்மாசியும் அவர் மகள் செவ்வந்தியும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு குக்கிராமம். பஸ் இல்லாததால் இரண்டு நாள் நடந்து வந்திருந்தார்கள். இது ஒன்பதாம் நடை. செவ்வந்தி பிளஸ் டூ முடித்து, சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சான்று கொடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். அன்று புதன்.

"நீ மலையாளிதானா?" என்றார் ராஜாங்கம், ஒன்பதாம் முறையாக.

"ஆமாங்க சாமி. மலையாளிதாங்க," என்றார் அம்மாசி.

"மலையாளின்னா கேரளாவுல போயிக் கேளு."

"மலைய ஆளுற ஜனம்னு எங்களுக்கு அந்தப் பேருங்க சார்," என்றாள் செவ்வந்தி. "கெசட்டுலயே இருக்குது. போன தடவயே நகல் குடுத்தேன்."

"கெசட்டு யாரு வேணா அச்சடிப்பான். ரத்தம் பொய் சொல்லாது." ராஜாங்கம் நவுஷாத் பக்கம் திரும்பினார். "தம்பி, இவங்க ரெண்டு பேரையும் ஓட்டு."

நவுஷாத் திடுக்கிட்டான். "சார், இது நோயைப் பாக்குறது. இதுல ஜாதி தெரியாது."

"அதை அரசாங்கம் பாத்துக்கும். நீ கோட்டை மட்டும் காட்டு."

உடனே அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் ராஜாங்கம், செயலாளர் வெங்கடேசன், சிறப்பு அழைப்பாளர் நவுஷாத். 'மேற்படி கருவியானது மேற்படி நபர்களின் மேற்படி ரத்தத்தை மேற்படி அறையில் பிரிக்கலாம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நவுஷாத் எழுப்பிய ஆட்சேபம் 'தேநீர்' என்ற தலைப்பின்கீழ்ப் பதிவாயிற்று.

மறுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நவுஷாத் நினைத்தான். ஆனால் பெட்டி வந்ததே மலை ஜனங்களின் ரத்தத்தைப் பார்க்க; அவர்களோ இரண்டு நாள் நடந்து எதிரில் நிற்கிறார்கள். அம்மாசியிடம் இது எதற்கான சோதனை என்று விளக்கி, சம்மதம் கேட்டு, விரல் நுனியில் குத்தினான். அப்புறம் செவ்வந்திக்கு. மூடியைச் சாத்தி மின்சாரம் கொடுத்தான். முக்கால் மணி நேரம் ராஜாங்கம் பெட்டி எதிரிலேயே நின்றார். மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் வேலை பார்த்ததே இல்லை.

மூடியைத் திறந்தபோது அம்மாசியின் பட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள். செவ்வந்தியின் பட்டையில் ஒன்றே ஒன்று.

"விளக்கு," என்றார் ராஜாங்கம்.

"முன்னாடி நிக்குதே, அது எல்லாருக்கும் இருக்குற சாதாரண ரத்தச் சத்து சார். வேகமா ஓடும். இன்னொண்ணு கொஞ்சம் மாறிப்போன சத்து. அது பின்தங்கிடும்."

"பின்தங்கிய கோடா?" ராஜாங்கம் நிமிர்ந்தார். "அப்போ சலுகைக்குரிய கோடு! வெங்கடேசன், எழுதுய்யா. 'இரண்டு கோடுடையோர் மலைவாழ் மக்கள். ஒரு கோடுடையோர் சமவெளி.'"

நவுஷாத் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மாசியை ஓரமாக அழைத்துப்போனான்.

"பெரியவரே, ஒங்களுக்கு நோய் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஆனா தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் இந்த மாதிரி இருந்தா, பொறக்குற புள்ளைங்க சிலதுக்கு நோயாவே வந்துரும். கை காலு வீங்கும். எலும்பெல்லாம் வலிக்கும்."

"மூத்தது ஒரு பையன் இருந்தாங்க," என்றார் அம்மாசி. "நாலு வயசு. வலிக்குது வலிக்குதுன்னே அழுதுக்கினு கெடந்தான். காத்து கருப்புன்னு சொன்னாங்க. கோழி அறுத்தோம். இதானுங்களா அது?"

"இருக்கலாங்க."

"பாப்பாவுக்கு?"

"தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒரே கோடு."

அம்மாசி மகளின் தலையைத் தொட்டார். செவ்வந்தி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அண்ணன் அழுததை அவள் பார்த்ததில்லை, கேட்டுத்தான் வளர்ந்தாள்.

"அந்தக் கதையெல்லாம் வெளிய போயிப் பேசிக்குங்க," என்று குறுக்கிட்டார் ராஜாங்கம். "பாத்தியாய்யா வெங்கடேசன், மோசடியை? அப்பன் மலை, பொண்ணு சமவெளி! ஒரு கோட்டை வச்சிக்கினு சான்று கேக்குது. தள்ளுபடி!"

மூன்று வருஷமாக வராத அந்தச் சொல் அன்று வந்துவிட்டது. செவ்வந்தியின் முகம் சுண்டிப்போனது. நவுஷாத் அந்த ஒற்றைக் கோட்டைத் திரும்பப் பார்த்தான். சுத்தமான ரத்தம் என்று தன் வாயால் சொன்னதே அந்தப் பெண்ணின் குற்றமாகிவிட்டதே.

"சார், சரிபாக்காம தீர்ப்பு எழுதக் கூடாது," என்றான். "சமவெளி ரத்தம் ஒண்ணு ஓட்டி ஒப்பிட்டுப் பாக்கணும்."

"என்னுதை எடுத்துக்க," என்று ராஜாங்கம் சட்டைக் கையைச் சுருட்டினார். "ஏழு தலைமுறை மணலூர்பேட்டை மண்ணு. கலப்படமே இல்லாத சரக்கு."

நவுஷாத் தன்னுடையதையும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தான். முக்கால் மணி நேரம் கழிந்தது. நவுஷாத்துக்கு ஒரு கோடு. ராஜாங்கத்துக்கு இரண்டு.

வெங்கடேசன் பேனா மூடியைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டார்.

"இது யாருக்கு வேணா இருக்கலாம் சார்," என்றான் நவுஷாத், கூடியவரை முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "மலைக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. நான் மொதல்லயே சொன்னேன். ஆனா ஒங்க தீர்மானப்படி பாத்தா..."

ராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளுத்த முகம் மெல்லச் சிவந்தது, பிறகு மலர்ந்தது. அவருக்கு அன்புச்செல்வன் என்று ஒரு மகன். பிளஸ் டூ கணக்கை மூன்றாம் முறையாக எழுதி, கரையேறும் அளவுக்கு மட்டும் மார்க் வாங்கியிருந்தான்.

"தம்பி, மலை ஜனத்துக்கு இஞ்சினீரிங் காலேஜுல எடம் எப்பிடி?"

"எனக்குத் தெரியாதுங்க சார். ஆனா பையனுக்கும் ஒரு தடவ ரத்தம் பாத்துருங்க. இருந்தா பின்னால கல்யாணத்துக்கு முன்ன தெரிஞ்சிக்கினா நல்லது."

"இருக்கணும்! கண்டிப்பா இருக்கணும்!" என்று, கள்ளக்குறிச்சியிலேயே தங்கியிருந்த பிள்ளைக்கு ஆள் அனுப்பினார். பெற்ற பிள்ளைக்குக் கோளாறு இருக்கவேண்டும் என்று குலதெய்வத்துக்குத் தேங்காய் நேர்ந்துகொண்ட ஒரே தகப்பன், தென்னாற்காடு ஜில்லாவில் அவராகத்தான் இருக்கும்.

அன்புச்செல்வனுக்கு ஒரு கோடுதான் வந்தது.

"எதுலடா நீ ரெண்டு வாங்கிக்கிற, இதுல வாங்க?" என்று ராஜாங்கம் கத்தினார். ஆனால் நிர்வாகம் என்பது மனம் தளர்வதன்று. உடனே இரண்டாவது அவசரக் கூட்டம் கூடியது. 'தந்தைக்கு இரண்டு கோடு இருக்குமாயின், மகனுக்கு ஒரு கோடு இருப்பினும் போதுமானது' என்று திருத்தம் நிறைவேறியது. ராஜாங்கம் தமக்கும் மகனுக்கும் விண்ணப்பம் எழுதினார். தாமே பெற்றுக்கொண்டார். தாமே விசாரித்தார். 'விண்ணப்பதாரரை நான் நேரில் அறிவேன். நம்பத்தகுந்தவர்' என்று தாமே குறிப்பெழுதிக் கையொப்பமிட்டார். மொத்தம் பதினோரு நிமிஷம். இந்தச் சுறுசுறுப்பைக் குறை சொல்லும் நாக்கு அழுகிப்போகட்டும்.

"ஆதாரமா என்னோட ரெண்டு கோட்டுப் பட்டையை ஃபைல்ல சேக்கணும். குடு தம்பி," என்றார்.

நவுஷாத் பட்டையைக் கொடுக்கவில்லை. "சாயம் ஏத்திக் கழுவி நெலப்படுத்தணும் சார். இல்லன்னா கோடு ரெண்டும் கலங்கி ஒண்ணாப் பூடும்."

"கழுவேன்!"

"கழுவலாம்." நவுஷாத் கையைக் கட்டிக்கொண்டு செவ்வந்தியைப் பார்த்தான். அவள் புரிந்துகொண்டு எழுந்தாள்.

"சார், எங்கப்பாவுக்கு ரெண்டு கோடு. எனக்கு ஒண்ணு," என்றாள். "ஒங்க பையனுக்கும் அதேதானே?"

"திருத்தத்துல மகன்னு இருக்கு. நீ மகளு."

"சார், கலங்குது," என்றான் நவுஷாத், பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. உண்மையில் அது இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் சிறப்பு அழைப்பாளருக்கும் கொஞ்சம் சிறப்பு வேண்டாமா? "பின்தங்கிய கோடு முன்னால போயிக்கினே இருக்குது சார். ஒட்டிக்கிச்சின்னா நீங்க மறுபடியும் மணலூர்பேட்டைதான்."

"வெங்கடேசன்!" என்று அலறினார் ராஜாங்கம். "'மகன்' அடிச்சிட்டு 'பிள்ளை'ன்னு எழுதுய்யா! சீக்கிரம்! அந்தப் பொண்ணு பாரத்தை எடு!"

நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று கையெழுத்தாயிற்று. முத்திரை காய்ந்து கிடந்ததால் எச்சில் தொட்டுக் குத்தினார்கள். செவ்வந்தி அதை மூன்று முறை வாசித்தாள். நான்காம் முறை அப்பாவுக்காக உரக்க வாசித்தாள். வாசித்து முடித்தபின்தான் நவுஷாத் பட்டையைச் சாயத்தில் போட்டான். வியாழனன்று மறியல் தளர்ந்தது. முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வெள்ளிக்கிழமை காலையில் அவள் சேலத்தில் சேர்ந்தாள்.

நவுஷாத் மலைக்குப் போனான். ஊர் ஊராகச் சோதனை செய்து, யார் யாரை எதற்குக் கவனிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திரும்பினான். சென்னைக்குப் போகுமுன் அந்த அலுவலகத்தை எட்டிப் பார்த்தான். வாசலில் மலையிலிருந்து வந்தவர்களின் வரிசை, தெருமுனை வரை. கதவில் ஓர் அறிவிப்பு: 'மலைவாழ் இனத்தில் போலிகள் ஊடுருவியிருப்பதாக அவ்வினத்தைச் சேர்ந்த பொறுப்பான அதிகாரி ஒருவரே புகார் செய்திருப்பதால், நானூற்றுப் பதினோரு விண்ணப்பங்களும் நிறுத்திவைக்கப்படுகின்றன.'

உள்ளே ராஜாங்கத்தின் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடி போட்ட சட்டத்தில் அந்தப் பட்டை தொங்கியது. மாலைகூடப் போட்டிருந்தார்கள்.

"இன்னா சார் இது?" என்றான் நவுஷாத். "வெளிய நிக்கிறவங்கதானே மலை ஜனம்?"

ராஜாங்கம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்கு எங்க கஷ்டம் புரியாது தம்பி. எத்தினியோ தலைமுறையா அந்த மலையில கஞ்சிக்கு வழியில்லாம கெடந்துட்டு, இப்பதான் நாங்க தலையெடுத்துக்கினு வர்றோம். அதுக்குள்ள பாரு, பங்குக்கு எவன் எவனோ மலையெறங்கி வந்து நிக்கிறான்!"