ஆட்டோ இல்லாத ஆட்டோ பாய்

வேலை செய்யாமல் இருப்பதற்காக ஆட்டோ பாய் உழைத்த உழைப்பை, வேலை செய்வதற்காக உழைக்கிற ஒருவரிடமும் நான் கண்டதில்லை. அதில் பாதியைத் துறைமுகத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் அவர் பெயரில் ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ பாயிடம் ஆட்டோ கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. "எல்லாம் ஆட்டோமேட்டிக்கா நடக்கணும் மாமு" என்று வாய்க்கு வாய் சொல்லி வாங்கிய பெயர் அது. இது தெரியாமல் யாராவது எங்கள் அறைக் கதவைத் தட்டி, "பாய், மணலி வருவியா?" என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "வர்றேனே, நீ வண்டி எடுத்தாந்துகீறியா?" என்று கேட்பார்.

திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். எனக்கு டேங்கர் லாரி கம்பெனியில் ஆபீஸ் வேலை. அவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை. சம்பளம் சேர்த்து ஒரு பழைய கம்ப்யூட்டரும், இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கேம் கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கினார்.

அவர் முதலில் ஆடியது ஒரு தீவு விளையாட்டு. அதில் ஓர் ஆள் மரம் வெட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பாய் ஒரு மரம் வெட்டினார். கட்டைவிரலை உற்றுப் பார்த்தார். "இத எவன் குந்தி அயுத்திகினு இருப்பான்?" என்றார். அத்தோடு அவர் கையால் ஆடுவது நின்றது.

அடுத்த வாரமே மேக்ரோ என்று ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப்பிடித்தார். எந்த பட்டனை எவ்வளவு இடைவெளி விட்டு அழுத்துகிறோம் என்பதை அது ஒரு தரம் பதிவு செய்துகொள்ளும். பிறகு நாம் நிறுத்தச் சொல்லும்வரை அதையே தானாகச் செய்துகொண்டிருக்கும். திரையில் அந்த ஆள் வெட்டு வெட்டென்று வெட்டுவான். கன்ட்ரோலர் மேஜைமேல் சும்மா கிடக்கும். பாய் பாயில் படுத்து டீயில் பொறை தொட்டுத் தின்பார்.

"அப்ப நீ எப்பதான் ஆடுவ பாய்?" என்று கேட்டேன்.

"வேலையெல்லாம் அவன் முடிக்கட்டும் மாமு. அப்பால நான் ஜாலியா ஆடறேன்."

வேலைதான் முடிந்தபாடில்லை. குடிசை முடிந்ததும் மாடி வீடு; மாடி வீடு முடிந்ததும் கோட்டை.

மேக்ரோவுக்குக் கண் கிடையாது. பதிவு செய்யும்போது பாய்க்கு ஒரு தும்மல் வந்து விரல் வழுக்கிவிட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆள் ஒவ்வொரு மரத்தையும் வெட்டி முடித்தவுடன் கடலில் குதித்துவிட்டு ஏறிவருவான். மாற்றிப் பதிவு செய்யலாமே என்றேன். "வுடு மாமு, வெயில்ல வேலை செய்யறான். குளிச்சிட்டுப் போறான்" என்றார்.

இன்னொரு நாள் பாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தீவில் மரம் தீர்ந்துபோனது. அந்த ஆள் திரும்பி நின்று, தான் கட்டிய கோட்டையையே வெட்டத் தொடங்கினான். சாயங்காலம் பாய் வந்து பார்த்தபோது படிக்கட்டு மட்டும் மிச்சம். பாய் சாப்பிடவில்லை.

கீழ் வீட்டில் அஞ்சலை அக்கா. மீன் விற்கிறவர். தண்ணி மோட்டார் விஷயமாக மேலே வந்தவர், திரையில் அந்த ஆள் தூண்டில் போடுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா பாய் இது? நீ பட்துகினு கீற, அது பாட்டுக்கு மீனு புடிச்சிகினு கீது?"

"தானா புடிக்கும்க்கா."

"தானா விக்குமா?"

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் அடுத்ததையும் கேட்டார்: "எங்கூட்டுக்காரும் சொம்மாவே குந்திகினு கீறாரு. அவர ஓட்டறதுக்கு எதுனா பட்டன் கீதா பாய்?" கேட்டு முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் கணவர் தேசிங்கு, காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். வலை இழுக்கிற வின்ச்சில் வலது கை சிக்கிக்கொண்டது. காயம் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. படகுக்குப் போவது நின்றது. அதோடு பேச்சும் நின்றது. மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாய் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். ஒரு கால்பந்து விளையாட்டைப் போட்டு, மேக்ரோவை ஆடவிட்டுவிட்டு உட்கார்ந்தார். வடசென்னையில் பிறந்து கால்பந்து ஆடாதவர் குறைவு. தேசிங்கு கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவர். ஆனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாய் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணில்லாத மேக்ரோ கால்பந்து ஆடினால் எப்படி இருக்கும்? ஒருவன் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடுவான். ஒருவன் காற்றை உதைப்பான். மூன்றாம் நாள், பாயின் அணிக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு தன் சொந்த கோலை நோக்கியே பாய்ந்தான்.

"டேய் சோமாரி! அது உன் கோலுடா!"

தெருவே அதிர்ந்தது. வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அஞ்சலை அக்கா அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "பேசிட்டாருபா! எங்கூட்டுக்காரு வாய தொறந்து திட்டிட்டாருபா!" என்று அழுதார். கட்டிய கணவன் சோமாரி என்றதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பாய், வேணும்னே மோசமா ஆட வச்சியா?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"இல்ல மாமு. அது நெஜமாவே அப்டிதான் ஆடுது."

பாய் கன்ட்ரோலரை நீட்டினார். தேசிங்கு தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அதனால இன்னா அண்ணாத்தே? கால் கீதே" என்றார் பாய்.

பழைய கீபோர்டு ஒன்றைத் தரையில் வைத்தார். கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டில் இடது கையால் ஆளை ஓட்ட வேண்டும். வலது கால் தரையிலிருக்கும் கீபோர்டை மிதித்தால் பந்து பறக்கும். இரண்டு விரல் சேர்ந்து செய்கிற வேலையை ஒரே மிதியில் செய்யும்படி மேக்ரோ எழுதினார். படகு ஓட்டிய மனிதரின் மிதியில் முதல் கீபோர்டு இரண்டாக உடைந்தது. அடுத்ததற்கு அடியில் பாய் தன் தலையணையையே கொடுத்தார்.

"லேட்டா அடிக்குது பாய்."

"இப்ப?"

"இப்ப அவசரப்படுது."

"இப்ப?"

இதே பேச்சு ஒரு வாரம் நடந்தது. இது ஏமாற்று வேலை ஆகாதா என்று நான் கேட்டுவைத்தேன். பாய் என்னை முறைத்தார். "கை செய்யறத கால் செய்யுது. எங்க அடிக்கணும்னு அண்ணாத்த மூளதானே சொல்லுது? நீ வேணா வந்து ஆடிப் பாரு." ஆடினேன். எனக்கு விழுந்த கோல்களைச் சொல்வதாக இல்லை.

கம்ப்யூட்டரையும் என்னையும் ஜெயித்த பிறகு தேசிங்கு பாயின் பக்கம் திரும்பினார். "மிசினு வாணாம். நீ ஆடு."

பாய் முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாளும் இந்த மனிதர் ஒரு முழு ஆட்டம்கூடத் தன் கையால் ஆடியதில்லை! கன்ட்ரோலரை இட்லித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். ஓடு என்றால் அவருடைய ஆள் படுத்தான். ஒன்பது கோல் விழுந்தது. ஜன்னலில் பாதித் தெரு நின்று வேடிக்கை பார்த்தது. தேசிங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா பாய், கோலி காவலுக்கு நிக்கறானா, பஸ்ஸுக்கு நிக்கறானா?"

கொஞ்ச நாளில் தேசிங்கு காசிமேட்டுக்குத் திரும்பிப் போனார். படகுக்கு அல்ல, மீன் ஏலம் கூவுகிற வேலைக்கு. அடைபட்டிருந்த குரலெல்லாம் அங்கே வெளியே வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பாய் வாராவாரம் தோற்றார்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம் நான் வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பினேன். கீழேயிருந்து தூக்கிவந்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் பாய் உட்கார்ந்திருந்தார். மேக்ரோ ஓடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, தன் கட்டைவிரலால் ஒரே பெனால்டி உதையை அடித்துக்கொண்டிருந்தார். வெளியே போனது. மறுபடி அடித்தார். அதுவும் வெளியே போனது.

"இன்னா பாய், நீயே அழுத்தற?"

"அண்ணாத்தைக்கு போர் அடிக்குது மாமு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சமாச்சும் கஷ்டப்பட்டு ஜெயிச்சாதானே அவருக்கும் நல்லாருக்கும்."

நான் சத்தம் போடாமல் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவர் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்.