என் வைஃபைத் திருடனை நானே பிடித்துக் கொடுத்த கதை

குடும்பத்துக் கணினி நிபுணர் என்பவர் படித்து உருவாவதில்லை, மாட்டிக்கொண்டு உருவாகிறார். எங்கள் வீட்டில் மாட்டியது நான். ஒருநாள் அப்பாவின் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், அது வேலை செய்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா லிட்டில் இந்தியாவுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும், "என் மகன் ஐ.டி.ல இருக்கான்" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவார். நான் வேலை பார்த்ததோ ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். (திருத்தினாயா என்று கேட்காதீர்கள். காதுக்குச் சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.)

அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் தோழி ஒருவர் வழியாக எல்லை தாண்டி மலாய் நாட்டு ஈப்போவரை போய், கையோடு ஒரு வரனையும் கூட்டிக்கொண்டு வந்தது. பெண் பெயர் யாழினி, பள்ளிக்கூட ஆசிரியை. அனுப்பிய படத்தில் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள். கல்யாணம் என்று நடந்தால் இந்தப் பெண்ணோடுதான் என்று மனது குதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு வீடியோவுல பேசிப் பார்ப்போம். மாப்பிள்ளை ஐ.டி.தானே, லைன் எல்லாம் கிளியரா இருக்கும்லா" என்று அவள் அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை என் கணினியில் சோதித்துப் பார்த்தேன். ஒரு படம் திறக்க ஆரம்பித்தது. நான் காப்பி போட்டுக் குடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், நெற்றிவரைக்கும்தான் வந்திருந்தது. வீட்டிலிருந்த போன்களிலோ எல்லாம் பறந்தது. அப்பா சோபாவில் சாய்ந்தபடி யாரோ எங்கோ மீன் பிடிப்பதை முழுச் சத்தத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம போன்லயே பேசிடுலா" என்றார், கண்ணை எடுக்காமல்.

"போன்ல பேசினா மூக்கு மட்டும்தான் தெரியும். அவங்க நம்ம வீட்டப் பார்க்க வேணாமா?" என்றார் அம்மா. புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டுக் காத்திருக்கிறவரிடம் என்ன பேசுவது? அதுவுமில்லாமல், ஐ.டி. மாப்பிள்ளை போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுவதா? என் மானமும் குறுக்கே வந்தது.

களத்தில் இறங்கினேன். கணினியை அணைத்துப் போட்டேன். திறந்து தூசி தட்டினேன். வேண்டாத கோப்புகளை அழித்தேன், வேண்டியவை சிலவும் சேர்ந்து போயின. உயரத்தில் வைத்தால் சிக்னல் நன்றாக வரும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் ரூட்டரைத் தூக்கி சாமி அலமாரிமேல் வைத்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அருள் கிடைத்ததே தவிர வேகம் கிடைக்கவில்லை.

பிறகுதான் கணினியை அறையிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். அங்கேதான் அந்த அதிசயம். ரூட்டரை விட்டு விலகிப் போகப் போக இணையம் வேகம் பிடித்தது! கூடத்தின் கோடியில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தபோது, படம்கூடத் தடுமாறாமல் ஓடியது. கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கேயே நின்று யோசித்திருப்பான். நான் சித்தாந்தம் வகுத்தேன்.

"ரொம்பக் கிட்ட இருந்தா சிக்னல் அமுங்கிடும்பா. கொஞ்சம் எட்ட இருந்தாத்தான் விரியும்."

"ஓஹோ" என்றார் அப்பா. அந்த ஓஹோவில் மரியாதை இல்லை.

ஆனாலும் அவ்வப்போது இழுத்தது. அப்படியென்றால் யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ரகசியச்சொல்லை மாற்றினேன். அடுத்த நொடி அப்பாவின் மீன்காரர் தூண்டிலோடு நின்றுபோனார். அம்மாவின் போன் போச்சு, தொலைக்காட்சி போச்சு. என் கணினி மட்டும் புதுச்சொல்லைக் கேட்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"இது மட்டும் எப்படிடா ஓடுது?" என்றார் அப்பா.

"என் சிஸ்டம்பா. அதுக்கு என்னைத் தெரியும்" என்றேன். (இதை நான் சொன்னதற்குச் சாட்சி உண்டு. அப்பா கல்யாண வீடுகளில் இன்றும் மைக் இல்லாமல் முழங்குகிறார்.)

ரகசியச்சொல்லை மாற்றியும் வேகம் வராததால் திருடன் பலே கில்லாடி என்று தெரிந்துகொண்டேன். ஒரு தாளில், "எங்கள் வைஃபையைத் திருடுபவரே, நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி மின்தூக்கி பக்கத்தில் ஒட்டினேன்.

அதைப் படித்துவிட்டு முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியா. (மக்சிக் என்றால் மலாயில் அத்தை.) சுவா சூ காங்கில் நாங்கள் குடியேறிய நாளிலிருந்து அம்மாவுக்கு உடன்பிறவாத அக்கா. பலகாரமும் குழம்பும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும். எங்கள் ரூட்டர் செத்துப்போய்ப் புதியது வரும்வரை தம் வைஃபையைக்கூடத் தந்து உதவியவர். எங்கள் வீட்டோடு பழகிப் பழகி அவர் பேச்சில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்தே வரும்.

"குணா, அலமாக்! எங்க வீட்டுலயும் ரொம்ப ஸ்லோ. எனக்கும் திருடன் இருக்கான்!" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓர் அப்பாவி அம்மாவிடமுமா? "உங்க மக போன்ல ரூட்டர் ஆப் இருக்குல்ல, மக்சிக்? அதுல யார் யார் இருக்காங்கன்னு லிஸ்ட் வரும். தெரியாத பேர் இருந்தா பிளாக் பண்ணச் சொல்லுங்க. இரக்கமே படாதீங்க" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு நான்கு மணி. அம்மா பட்டுச் சேலை, அப்பா வேட்டி, நான் மேலே முழுக்கைச் சட்டை, கீழே அரைக்கால் சட்டை. திரையில் ஈப்போக் குடும்பம் வரிசையாகத் தெரிந்தது. நடுவில் யாழினி. படத்தைவிட நேரில் அழகு என்று நினைத்தேன். நேர் இல்லைதான், ஆனால் என் நெஞ்சு அடித்த அடி நேரில் அடித்ததுதான்.

"லைன் சூப்பரா இருக்கே" என்றார் அவள் அப்பா.

நான் மலர்ந்தேன். "நேத்து முழுக்க ஒக்காந்து செட் பண்ணேன், அங்கிள். ஒரு திருட்டுப்பய நம்ம லைன்ல புகுந்துட்டான். ஆனா நெட்வொர்க் விஷயத்துல என்ன யாரும்..."

கதவு படாரென்று திறந்தது. கையில் பலகாரத் தட்டோடு மக்சிக். "குணா! பெஞ்சூரி டா டபாட்!"

திருடன் கிடைத்துவிட்டான் என்று மலாயில் கூவுகிறார். அம்மா சட்டென்று திரையைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, வாழ்த்துச் சொல்ல வந்திருக்காங்க" என்று சமாளித்தார். (ஈப்போக்காரர்களுக்கு மலாய் தெரியாதாம்!)

"யாரு மக்சிக் அந்தத் திருடன்?" என்று நானும் உற்சாகமாகக் கேட்டுத் தொலைத்தேன்.

"லிஸ்ட்ல பேரு இருக்கு. குணா பாஸ்னு போட்டிருக்கு. நீ சொன்ன மாதிரி என் மக இப்பதான் பிளாக்..."

குணா பாஸ் என்பது என் கணினிக்கு நான் சூட்டிய பெயர். ரூட்டர் செத்த சமயத்தில் மக்சிக்கின் வைஃபையில் சேர்த்த கணினி, புது ரூட்டர் வந்தபிறகும் சுவரைத் தாண்டி அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. போன்களையெல்லாம் மாற்றிய நான், இதை மட்டும் மாற்ற மறந்திருக்கிறேன். இவ்வளவும் எனக்குப் புரிந்த அதே கணத்தில் திரை உறைந்தது.

மக்சிக் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகாரத் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "நான் வேணா மகள்ட்ட சொல்லித் திரும்ப..." என்று ஆரம்பித்தவரால் மேலே பேச முடியவில்லை. சிரிப்பு முட்டிவிட்டது.

எனக்கோ அழுகை வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது அப்பாவின் போன் ஒலித்தது. ஈப்போ. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை நீட்டினார்.

"மாப்பிள்ளை ஐ.டி.ன்னுதானே சொன்னீங்க?" என்றார் அவள் அப்பா.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "கணக்குப் பிரிவு, அங்கிள். கம்ப்யூட்டர அணைச்சுப் போடத்தான் தெரியும்" என்றேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு திரையின் ஓரத்தில் ஏதோ குலுங்கியது. யாழினி நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, "எனக்குச் சரிப்பா. திருடனே ஆனாலும் தானே புடிச்சுக் குடுத்திருக்காரே, நேர்மையான ஆளுதான்லா" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் துள்ளி எழுந்தேன். அரைக்கால் சட்டையை ஈப்போவே பார்த்தது.

தோ பாயோ கோயிலில் கல்யாணம் நடந்தது. வாழ்த்த மணமேடைக்கு வந்த மக்சிக், என்னைத் தாண்டிப் போய் யாழினியைக் கட்டிக்கொண்டு அவள் காதில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போதும் அம்மா வீட்டுக்குப் போனால், எங்கள் வைஃபை கோளாறு செய்யும் நேரங்களில் யாழினியின் போன் மட்டும் ஜோராக ஓடும். எப்படி என்று கேட்டால், "மக்சிக் குடுத்த கல்யாணப் பரிசு" என்பாள். அந்த ரகசியச்சொல் என்ன என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.