ஆளுக்கொரு வட்டாரம்

ஜெயபாலன் இழுத்த சுண்ணாம்புக் கோடு நேராகப் போய் அஞ்சலையின் கோழிக்கூட்டில் முட்டி நின்றது.

"தம்பி, என் கோழிங்க கிழக்கா, மேற்கா?" இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள் அஞ்சலை.

மெர்டேக்கா எனும் சுதந்திர நாளுக்கு இன்னும் சில நாள்தான். காஜா பேராங் குடியிருப்பு முழுக்கத் தென்னங்குருத்துத் தோரணம் தொங்க வேண்டும். தமிழர் சங்கத் தலைவர் மாணிக்கவாசகம், கடல் கடந்து சொந்த ஊரிலிருந்து வரவழைத்த தன் மளிகைக்கடைப் பையன் ஜெயபாலன் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டார்.

"வெள்ளைக்காரன் எஸ்டேட்டை டிவிஷன் டிவிஷனாப் பிரிச்சுத்தான்லா ஓட்டினான். நீயும் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு வட்டாரமாப் பிரி. ஆளுக்கொரு தலைவரைப் போடு. கெடுத்து வச்சே, அடுத்த கப்பல்ல ஊருக்குத்தான்."

ஊரில் இவன் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஜெயபாலன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தான்.

"அக்கா, நடுவுல ஒரு வட்டாரம் போட்டுடுறேன். நீங்களே தலைவரு."

அஞ்சலை தலைவருக்கான சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டதுதான் தாமதம், எதிர்வீட்டுப் பொன்னுதுரை வேலியைத் தாண்டி வந்தார்.

"கோழிக்கூட்டுக்கே தலைவரா? நான் மாடு வச்சிருக்கேன்டா!"

மாட்டுக்கொட்டகை தனி வட்டாரமானது. மாட்டுக்காரருக்குக் கீழே நிற்கமாட்டேன் என்றார் லாரிக்காரர். லாரிக்காரருக்கு ரிப்பன் கொடுத்ததும், அவருடைய மாமனார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஜெயபாலன் கோடு போட்டுக்கொண்டே போனான். கடைசியில் வாசற்படிக்கு வாசற்படி வட்டாரம், வீட்டுக்கு வீடு தலைவர்.

"சரிண்ணே, குருத்து வெட்ட யாரு மரம் ஏறுறது?"

பொன்னுதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, தலைவரு மரம் ஏறுவாரா?"

ஒரு குருத்துகூடக் கீழே விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் தேர்தல்; வீட்டுக்கு ஓர் ஓட்டு, கடைக்கு ஓர் ஓட்டு. எல்லாரும் ரிப்பனோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். முதலாளி முகத்தில் விழிக்கப் பயந்து, ஜெயபாலன் கடையின் பின்கட்டில் தகரப்பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான்.

வாசலில் ஒரே சிரிப்பு. மாணிக்கவாசகம் கழுத்தில் மாலையோடு நுழைந்தார். ஜெயபாலனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

பின்னாலேயே வந்த முதலாளியம்மாவை ஜெயபாலன் பார்த்தான். "முதலாளியம்மா, ஐயாவுக்குக் கோவம் இல்லையா? தோரணமே கட்டலையே!"

முதலாளியின் மனைவி அலமேலு சாவகாசமாகக் கயிற்றை அவிழ்த்தாள்.

"தோரணம் கிடக்குது போ! உன் தலைவருங்க அத்தனை பேரும் தேர்தல்ல நின்னு, ஆளுக்கொரு ஓட்டைத் தனக்குத்தானே போட்டுக்கிட்டாங்க. இவருக்கு வீட்டு ஓட்டு ஒண்ணு, கடை ஓட்டு ஒண்ணு, ரெண்டு ஓட்டு வாங்கி அமோகமா ஜெயிச்சுட்டாரு!"